ஒரே தேர்வு, இரண்டு மதிப்பெண்: மாசசூசெட்ஸில் தாளும் திரையும் (2015–16)

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2015, 2016 ஆகிய இரு ஆண்டுகளும் 3 முதல் 8ஆம் வகுப்பு வரை ‘பார்க்’ என்ற பொதுத்தேர்வு தாளிலும் நடந்தது, கணினியிலும் நடந்தது. பாடத்திட்டம் ஒன்று, வினாக்களும் பெரும்பாலும் ஒன்று. மதிப்பெண்தான் ஒன்றாக இல்லை. முந்தைய ஆண்டுகளில் ஒரே தரத்தில் இருந்த மாணவர்களை ஒப்பிட்டபோது, முதலாண்டில் திரையில் எழுதியவர்கள் கணக்கில் சுமார் 0.10 திட்ட விலக்கமும் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு), ஆங்கில மொழிப்பாடத்தில் சுமார் 0.25 திட்ட விலக்கமும் குறைவாகப் பெற்றிருந்தார்கள்.

இணையவழித் தேர்வு கல்வி அடைவைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்பதற்குப் பல ஆய்வுகள் மாணவரிடம் படிவம் கொடுத்துக் கருத்துக் கேட்டே பதில் சொல்லிவிடுகின்றன. “எளிதாக இருந்தது”, “பதற்றம் குறைந்தது” என்பவை அடைவு ஆகா. மாசசூசெட்ஸில் கிடைத்தது வேறு வகைத் தரவு: ஒரே தேர்வை இரண்டு ஊடகத்தில் பெருந்திரளான பிள்ளைகள் எழுதியது, கூடவே அவர்களின் பழைய மதிப்பெண்களும். இப்படி ஒரு வாய்ப்பு அடிக்கடி அமைவதில்லை.

பின்னணி

மாசசூசெட்ஸுக்கு 1998 முதல் ‘எம்காஸ்’ என்ற சொந்தத் தேர்வு உண்டு. அந்நாளில் அதைத் தாளில் எழுதினார்கள், நேரக்கட்டுப்பாடு இல்லை. 2010இல் கூட்டரசு நிதியோடு பல மாநிலங்கள் சேர்ந்து பொதுத்தேர்வு உருவாக்க இரண்டு கூட்டமைப்புகள் எழுந்தன. அவற்றில் ஒன்றுதான் பார்க். கணினியில் எழுதுவதற்கென்றே அது வடிவமைக்கப்பட்டது. கருவி இல்லாத பள்ளிகளுக்காகத் தாள் வடிவமும் வைத்திருந்தார்கள்.

எம்காஸா பார்க்கா என்று பள்ளி மாவட்டங்களே தேர்ந்துகொள்ளலாம் என மாநிலம் விட்டது. பார்க் என்றால் தாளா திரையா என்பதிலும் விருப்பம் இருந்தது. 2015இல் ஏறத்தாழ பாதி மாவட்டங்கள் பார்க் பக்கம் போயின. நிர்வாகத்துக்கு இது தலைவலி, ஆய்வாளருக்கு வரப்பிரசாதம்.

எப்படிக் கணக்கிட்டார்கள்

திரையில் எழுதிய பள்ளிகளின் சராசரியையும் தாளில் எழுதிய பள்ளிகளின் சராசரியையும் கழித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதே பார்க் தேர்வில் இலினாய் மாநிலத்தில் ஆங்கிலப் பாடத்தைத் தாளில் எழுதியோரில் 43 விழுக்காட்டினரும், திரையில் எழுதியோரில் 36 விழுக்காட்டினரும் தேர்ச்சி நிலையை எட்டினார்கள். செய்தியில் போட இந்த எண் போதும். ஆனால் எந்தப் பள்ளிகள் தாளைத் தேர்ந்தன, அங்கே படிப்பவர் யார் என்று தெரியாமல் அந்த 7 விழுக்காட்டைத் திரையின் தலையில் கட்ட முடியாது. வசதியான ஊர்களே தாளை எடுத்திருந்தால் வித்தியாசம் ஊருடையது.

பென் பேக்கஸ், ஜேம்ஸ் கோவன் என்ற இரு பொருளியலாளர்கள் மாசசூசெட்ஸ் தரவில் இந்தச் சிக்கலைக் கடந்த விதம் எளிமையானது. ஒவ்வொரு பள்ளியையும் அதன் பழைய எம்காஸ் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டார்கள். பார்க் வருவதற்கு முன் எல்லாரும் தாளில்தான் எழுதினார்கள். அப்போது இரு வகைப் பள்ளிகளுக்கும் இடையே இருந்த இடைவெளி ஓர் அளவு. 2015இல் ஒரு சாரார் திரைக்குப் போன பிறகு வந்த இடைவெளி இன்னோர் அளவு. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் எஞ்சுவது ஊடகத்தின் பங்கு. திரையைத் தேர்ந்த பள்ளிகள் அதற்கு முன் பின்தங்கியவை அல்ல. திரைக்குப் போன ஆண்டில்தான் அவை சறுக்கின.

0.25 என்றால் எவ்வளவு

திட்ட விலக்கத்தில் சொன்னால் பலருக்கு அளவு பிடிபடாது. நூற்றுக்குச் சராசரி 60, திட்ட விலக்கம் 16 என்று வருகிற ஒரு தேர்வை எடுத்துக்கொள்வோம். கணக்கில் 0.10 என்பது 1.6 மதிப்பெண். மொழிப்பாடத்தில் 0.25 என்பது 4 மதிப்பெண். நடுவில் நிற்கும் மாணவர், அதாவது 50ஆம் பர்சன்டைலில் இருப்பவர் (நூறு பேரில் 50 பேர் அவருக்குக் கீழே), 40ஆம் பர்சன்டைலுக்கு இறங்குவார்.

நாலு மதிப்பெண்தானே என்று தோன்றும். விளிம்பில் நிற்பவர்களிடம்தான் அதன் கனம் தெரியும். மதிப்பெண்கள் இயல்நிலைப் பரவலில் (பெரும்பாலோர் நடுவிலும் சிலர் இரு ஓரங்களிலும்) இருந்து, தேர்ச்சிக்கு 35 என்று வைத்தால், ஆயிரம் பேரில் தவறுவோர் சுமார் 59. எல்லாரும் 4 மதிப்பெண் இழந்தால் அது 95 ஆகும். மேல் விளிம்பில் 90க்கு மேல் வாங்குவோர் 30 பேரிலிருந்து 17 பேராகச் சுருங்குவார்கள். சராசரியில் சிறிதாகத் தெரியும் நகர்வு, வெட்டுக்கோடு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் பெருகிக் காட்டும்.

ஆய்வாளர்கள் இதை மாதக் கணக்கிலும் மாற்றிச் சொன்னார்கள்: கணக்கில் 5.4 மாதப் படிப்புக்கும், மொழிப்பாடத்தில் 11 மாதப் படிப்புக்கும் நிகர் என்று. அந்த மாற்றுக்கணக்கைப் பத்திரிகைகள் விரும்பும். நாம் அளவோடு எடுத்துக்கொள்வது நல்லது. எந்தப் பிள்ளையும் 11 மாதப் பாடத்தை மறந்துவிடவில்லை. தெரிந்ததைக் காட்ட முடியாமல் போனது. அளக்கப்பட்ட அடைவும் உண்மையான அடைவும் விலகும் இடம் இதுதான்.

மொழிப்பாடத்தில் ஏன் இரண்டரை மடங்கு

பார்க் மொழிப்பாடத் தேர்வின் அமைப்பைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். மாணவர் மூன்று வகை எழுத்துப்பணி செய்ய வேண்டும்: இலக்கியப் பகுதியை அலசி எழுதுவது, பல மூலங்களைப் படித்துத் தொகுத்து எழுதுவது, கதைப்போக்கில் எழுதுவது. கொள்குறி வினாக்களும் இரட்டையாக வரும். முதல் பகுதியில் விடை. இரண்டாம் பகுதியில் அந்த விடைக்குப் பாடப்பகுதியில் எந்த வரி சான்று என்று காட்ட வேண்டும். முதல் பகுதியில் தடுக்கினால் இரண்டாவதும் பெரும்பாலும் போகும்.

இதைத் திரையில் செய்யும்போது என்ன நடக்கிறது? இடப்பக்கம் பாடப்பகுதி, வலப்பக்கம் வினா. பாடப்பகுதி ஒரு திரைக்குள் அடங்காது, உருட்டிக்கொண்டே போக வேண்டும். தாளில் படிக்கும் பிள்ளைக்கு ‘இரண்டாம் பக்கத்தில் மேலே, இடது ஓரத்தில்’ என்று இடம் நினைவிருக்கும். கண் நேரே அங்கே போகும். உருட்டும் பக்கத்தில் வரிக்கு நிலையான இடமே இல்லை. சான்று தேடும் ஒவ்வொரு வினாவுக்கும் முதலிலிருந்து உருட்ட நேர்கிறது. பல மூலங்கள் இருந்தால் ஒன்றைத் திறக்கும்போது மற்றொன்று மறையும். தாளில் மூன்றையும் மேசையில் பரப்பி வைத்துவிடலாம்.

அடுத்தது தட்டச்சு. அன்று அந்த மாநிலங்கள் பின்பற்றிய பொதுப் பாடத்தரம், 4ஆம் வகுப்பில் ஒரே அமர்வில் ஒரு பக்கமும், 5இல் இரண்டு பக்கமும், 6இல் மூன்று பக்கமும் தட்டச்சு செய்யும் திறன் வேண்டும் என்றது. ஏட்டில் இருந்தது அது. ஆண்டு முழுக்க நோட்டில் எழுதிவிட்டு, தேர்வன்று மட்டும் விசைப்பலகையில் கை வைக்கிற பத்து வயதுப் பிள்ளைக்கு ஒவ்வொரு எழுத்தையும் தேடுவதே ஒரு வேலை. அந்த வேலைக்குப் போகும் கவனம் வாக்கியத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது. போதாக்குறைக்கு எம்காஸில் இல்லாத நேரக்கட்டுப்பாடு பார்க்கில் இருந்தது. தாளுக்கும் திரைக்கும் ஒரே நேரம்.

கருவிக்குப் பார்க் வைத்த கீழ்வரம்பு 9.5 அங்குலத் திரை, 1024×768 தெளிவுத்திறன். டேப்லெட் என்றால் தனி விசைப்பலகை கட்டாயம். 9.5 அங்குலத்தைப் பாடப்பகுதிக்கும் வினாவுக்கும் பங்கு போட்டால் ஒரு பக்கத்துக்குக் கிடைப்பது உள்ளங்கை அகலம்.

கணக்கில் இழப்பு சிறிது என்பதும் இதோடு பொருந்துகிறது. வினா குறுகியது, திரைக்குள் அடங்கும். அங்கே தொல்லை வேறு: திரையில் பார்த்து வெள்ளைத்தாளில் போட்டுப் பார்த்து மறுபடி திரையில் இடும்போது எண் மாறிப்போவது, பின்னத்தையும் அடுக்கையும் சமன்பாட்டுப் பெட்டியில் நுழைக்கத் திணறுவது.

ஆகவே 0.25 என்ற எண்ணைத் தூக்கி எந்தக் கணினித் தேர்வின் மேலும் ஒட்டக் கூடாது. இந்தியாவில் பொறியியல் நுழைவுத்தேர்வான ஜேஇஇ மெயின் 2013 முதல் 2018 வரை தாள், கணினி இரண்டிலும் நடந்து, 2019 முதல் கணினியில் மட்டும் நடக்கிறது. சிறிய வினா, ஒரு சொடுக்கு அல்லது ஓர் எண் என்ற அமைப்பில் தட்டச்சுச் சுமையே கிடையாது. ஒரு பக்கம் கட்டுரை தட்டச்சு செய்யச் சொல்லும் கல்லூரி அகத்தேர்வுதான் மாசசூசெட்ஸ் மொழிப்பாடத்துக்கு அருகில் வரும்.

அதே மாநிலம், நேர்மாறான முடிவு

திரை எப்போதும் மதிப்பெண்ணைக் குறைக்கும் என்று முடிவு கட்டுவதற்கு முன் 1997ஐப் பார்க்க வேண்டும். பாஸ்டன் கல்லூரியைச் சேர்ந்த மைக்கேல் ரசல், வால்ட் ஹேனி இருவரும் அதே மாசசூசெட்ஸில், வூஸ்டர் நகரின் ஒரு பள்ளியில் சோதனை செய்தார்கள். அது கணினி நிறைந்த பள்ளி. பிள்ளைகள் அன்றாடம் கணினியில்தான் எழுதினார்கள். அவர்களைத் தாளில் எழுத வைத்தபோது தேர்ச்சி நிலையை எட்டியவர் 30 விழுக்காடு. கணினியில் எழுதியோரில் 67 விழுக்காடு.

அந்தச் சோதனையில் ஒரு நுணுக்கம் உண்டு. தாளில் எழுதிய விடைகளையெல்லாம் தட்டச்சு செய்து மாற்றிய பிறகே திருத்துவோரிடம் கொடுத்தார்கள். இல்லாவிட்டால் முடிவே கெட்டிருக்கும். ஒரே கட்டுரையைக் கையெழுத்திலும் தட்டச்சிலும் காட்டினால் திருத்துவோர் தட்டச்சுக்குச் சற்றுக் குறைத்தே போடுகிறார்கள் என்று 1994இலேயே ஓர் ஆய்வு காட்டியிருந்தது. தட்டச்சில் பிழை பளிச்சென்று தெரியும், பக்கமும் குறைந்து தெரியும். இரண்டு ஊடகத்திலும் விரிவிடை வாங்கி அப்படியே திருத்தினால், மாணவரின் வேறுபாட்டோடு திருத்துவோரின் சாய்வும் கலந்துவிடும்.

1997இல் தாள் மதிப்பெண்ணைப் பறித்தது, 2015இல் திரை பறித்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் காரணம் ஊடகத்தில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது என்று தெரிகிறது. எதில் படித்து எழுதிப் பழகினார்களோ அதிலிருந்து வேறொன்றில் தேர்வு வைத்தால் மதிப்பெண் குறையும். மாசசூசெட்ஸின் இரண்டாம் ஆண்டும் இதற்குச் சாட்சி: திரையில் மீண்டும் எழுதிய பள்ளிகளில் 2016இல் இழப்பு கணக்கில் மூன்றில் ஒரு பங்காகவும், மொழிப்பாடத்தில் ஏறத்தாழ பாதியாகவும் சுருங்கியது. 2016இல் தேர்வையே சற்றுச் சுருக்கியிருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் தாளில் எழுதியவர்களுக்கும் அதே சுருக்கம்தான். முழுக்க மறையவில்லை என்பதையும் விட்டுவிடக் கூடாது.

சர்வதேச அளவில் 15 வயது மாணவர்கள் எழுதும் பீசா தேர்வு 2015இல் கணினிக்கு மாறியபோதும் இதே கதை. ஜெர்மனி, அயர்லாந்து, ஸ்வீடன் நாடுகளின் முன்னோட்டத் தரவில் கணினியில் எழுதியவர்கள் 20 புள்ளிகள் வரை குறைவாகப் பெற்றிருந்தார்கள்.

யாருக்கு அதிகம் அடி

மொழிப்பாடத்தில் இழப்பு எல்லாருக்கும் சமமாக இல்லை. முன்பே குறைந்த மதிப்பெண் வாங்கியோர், ஆங்கிலத்தை இன்னும் கற்றுவருவோர், சிறப்புக் கல்வி பெறுவோர் ஆகியோருக்குக் கூடுதல். அமெரிக்கத் தேசிய மதிப்பீட்டு அமைப்பு 2012இல் 4ஆம் வகுப்புக்குக் கணினியில் நடத்திய எழுத்துத்தேர்வு முன்னோட்டமும் இதே திசையில் காட்டியது: மேல்நிலையில் இருந்தவர்கள் கணினியில் இன்னும் நன்றாக எழுதினார்கள், நடுவிலும் கீழேயும் இருந்தவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. சராசரியை மட்டும் பார்க்கும் நிர்வாகத்துக்கு இந்த விரிசல் கண்ணில் படாது.

மாநில அரசு என்ன செய்தது? பார்க்குக்கு மாறிய மாவட்டங்களின் தரநிலை முதலாண்டு முடிவால் இறக்கப்படாது என்று பாதுகாப்புக் கொடுத்தது. பள்ளிகளுக்கு அது போதும். தனி மாணவரின் வீட்டுக்குப் போன மதிப்பெண் பட்டியலுக்கு அது உதவாது.

தேர்வுக்கு வெளியே: மெய்ன் மாநிலம்

இதுவரை சொன்னது அளவையில் வந்த மாற்றம். திரைவழி மதிப்பீடு உண்மையிலேயே படிப்பைக் கூட்டிய சான்றும் மாசசூசெட்ஸ் அடங்கிய நியூ இங்கிலாந்துப் பகுதியிலேயே இருக்கிறது. வூஸ்டர் பாலிடெக்னிக் நிறுவனத்தில் நீல், கிறிஸ்டினா ஹெஃபர்னன் இருவரும் உருவாக்கிய ‘அசிஸ்ட்மென்ட்ஸ்’ என்ற இலவசத் தளத்தை மெய்ன் மாநிலத்தின் 43 பள்ளிகளில், 7ஆம் வகுப்புக் கணக்கு வீட்டுப்பாடத்துக்குச் சீட்டுக்குலுக்கல் முறையில் சோதித்தார்கள். மாணவர் 2,850 பேர். ஆண்டிறுதியில் நடந்த தரப்படுத்தப்பட்ட கணக்குத் தேர்வில் 0.18 திட்ட விலக்கம் கூடியது; பின்தங்கியவர்களுக்கு இன்னும் அதிகம். பயன்படுத்திய நேரமோ வாரம் மூன்று நான்கு இரவு, ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்குள்.

தளத்தில் மாயம் ஒன்றுமில்லை. விடை தவறு என்று பிள்ளைக்கு உடனே தெரியும், குறிப்பு கிடைக்கும். மறுநாள் காலை எந்தக் கணக்கில் எத்தனை பேர் தடுக்கினார்கள் என்ற பட்டியல் ஆசிரியரிடம் இருக்கும். பத்துக் கணக்கையும் பலகையில் போடாமல், பலர் தவறவிட்ட இரண்டை மட்டும் எடுத்து நடத்தினார்கள். பள்ளிகளுக்கு முதலாண்டு முழுக்க ஆசிரியர் பழகுவதற்கு விட்டு, இரண்டாம் ஆண்டு மாணவரையே அளந்தார்கள் என்பது முக்கியம். மெய்ன் 2002 முதலே 7ஆம் வகுப்பு மாணவருக்கு மடிக்கணினி கொடுத்து வந்த மாநிலம். கருவி புதிது என்ற தடுமாற்றம் அங்கே இல்லை.

உங்கள் நிறுவனத்தில் அளந்து பார்க்க

திரைக்கு மாறப்போகும் பள்ளியோ கல்லூரியோ இந்த இழப்பைத் தானே அளக்கலாம். வழக்கமாகச் செய்யும் தவறு, ‘அ’ பிரிவுக்குத் தாள், ‘ஆ’ பிரிவுக்குத் திரை என்று கொடுத்துச் சராசரியை ஒப்பிடுவது. பிரிவுக்கு 30 பேர் என்றால் சராசரி வேறுபாட்டின் திட்டப்பிழை (தற்செயலாகவே வரக்கூடிய ஏற்றத்தாழ்வு) மட்டுமே 0.26 திட்ட விலக்கம். தேடுகிற 0.25 அதற்குள்ளேயே மூழ்கிவிடும். இந்த வழியில் 0.25ஐ ஓரளவு நம்பிக்கையோடு பிடிக்கப் பிரிவுக்கு 128 பேராவது வேண்டும்.

குறுக்கு முறை மலிவானது. ஒரே கடினத்தில் இரண்டு வினாத்தாள் தயாரியுங்கள். 60 பேரைச் சீட்டெடுத்து நான்காகப் பிரியுங்கள், குழுவுக்கு 15 பேர். முதல் குழு முதல் வினாத்தாளைத் தாளிலும், ஒரு வாரம் கழித்து இரண்டாவதைத் திரையிலும் எழுதட்டும். இரண்டாம் குழு ஊடகத்தைத் திருப்பி எழுதட்டும். மற்ற இரு குழுக்களும் வினாத்தாள் வரிசையையும் மாற்றி எழுதட்டும். ஒவ்வொருவரின் தாள் மதிப்பெண்ணிலிருந்து திரை மதிப்பெண்ணைக் கழித்துச் சராசரி எடுங்கள். இரு வினாத்தாள் மதிப்பெண்களுக்கும் ஒட்டுறவு (இரண்டும் ஒன்றாக ஏறி இறங்கும் அளவு; முழுமையானால் 1) 0.8 இருந்தால் திட்டப்பிழை 0.08க்கு இறங்கும், 0.25 தெளிவாகத் தெரியும். 0.10 தெரிய 160 பேர் தேவை.

விரிவிடை இருந்தால் திருத்துவதற்கு முன் எல்லாவற்றையும் தட்டச்சுக்கு மாற்றுங்கள், எழுத்துப்பிழைகளைத் திருத்தாமல். கொள்குறியையும் விரிவிடையையும் தனித்தனியே கணக்கிடுங்கள். இழப்பு எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கேற்றாற்போல் மருந்து. வினா எண் வாரியாக விடுபட்டவற்றையும் எண்ணுங்கள். கடைசிக் கால்பகுதி வினாக்கள் திரையில் மட்டும் அதிகம் விடுபட்டால் குறை நேரத்தில்; ஆங்காங்கே விடுபட்டால் உருட்டும்போது வினா கண்ணிலிருந்து தப்பியிருக்கிறது.

ஐந்து நிமிடம் ஒரு பத்தியைப் பார்த்து நோட்டில் எழுதச் சொல்லி, பிறகு அதே அளவு நேரம் வேறொரு பத்தியைத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். தட்டச்சு வேகம் கையெழுத்து வேகத்தை எட்டாதவரை விரிவிடைத் தேர்வைத் திரையில் வைக்காமலிருப்பது நல்லது. தமிழில் விடை எழுதும் வகுப்புகளுக்கு இது இருமடங்கு பொருந்தும். 1999இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. ஆனால் கைப்பேசியில் ஒலிபெயர்ப்பு முறையில் தட்டிப் பழகிய மாணவர் தேர்வுக்கூடக் கணினியில் வேறு விசை அமைப்பைக் கண்டால் தொடக்கத்திலேயே தடுமாறுவார். எந்த விசை அமைப்பு என்பதைப் பருவத் தொடக்கத்திலேயே அறிவித்து, அதிலேயே வாராந்தரப் பயிற்சி எழுத வையுங்கள்.

மாறும் ஆண்டில் ஒரு பகுதியினரையாவது சீட்டெடுத்துத் தாளிலேயே விட்டுவைக்க வேண்டும். அமெரிக்கத் தேசிய மதிப்பீட்டு அமைப்பு 2017இல் கணக்கையும் வாசிப்பையும் டேப்லெட்டுக்கு மாற்றியபோது அப்படித்தான் செய்தது. பழைய ஆண்டுகளோடு ஒப்பிட அந்தத் தாள் குழுதான் பாலம். மாசசூசெட்ஸில் 2019க்குள் 3 முதல் 8 வரை எல்லா வகுப்பும் திரைக்குப் போய்விட்டன. தாள் குழு இல்லாததால், 2016இல் மிச்சமிருந்த இழப்பு பிறகு தேய்ந்ததா நிலைத்ததா என்பதை இதே முறையில் இனி அளக்க வழியில்லை.